கட்டுமானப் பணியும் கால்வாய்க் கரையும்

கொச்சி மாநகரின் மட்டாஞ்சேரிப் பகுதியில் மழைக்காலத்தில் தெருக்களில் தண்ணீர் தேங்குமாயின், வானத்தையும் கடலையும் குறை கூறுவது எளிது. ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் மழை பெறும் ஊர் அது. கடல் மட்டத்தைவிடச் சிறிதளவே உயர்ந்த தாழ்நிலத்தில் அமைந்தது. ஆயினும் பெய்த மழைநீர் காயலுக்குச் சென்று சேர அங்கே இயற்கையும் முன்னோரும் அமைத்த வழிகள் உண்டு. கோட்டைக் கொச்சிக்கும் மட்டாஞ்சேரிக்கும் இடையே செல்லும் கல்வத்திக் கால்வாயும், அதனோடு தொடர்புடைய ராமேஸ்வரம் கால்வாயும் அவற்றுள் முதன்மையானவை. இவ்வழிகள் தூர்ந்து போகும்போதுதான் மழை வெள்ளமாக மாறுகின்றது.

கால்வாய் தூர்வதற்குக் குப்பையும் கழிவும் காரணம் என்பதை அனைவரும் அறிவர். கரையிலிருந்து சரிந்து விழும் மண்ணும் ஒரு காரணம் என்பதைப் பலரும் எண்ணிப் பார்ப்பதில்லை. அதிலும் கட்டுமானப் பணி நடைபெறும் இடங்களில் கரை சரிவது மிகுதி. அடித்தளம் தோண்டிய மண் கரையோரத்தில் குவிக்கப்படுகின்றது. கரையைப் பிடித்து நின்ற செடிகொடிகள் களையப்படுகின்றன. கனரக எந்திரங்கள் கரை விளிம்பில் ஏறி இறங்குகின்றன. பணி முடிந்த பின்னர் ஒரு சுவர் எழுப்பிவிட்டால் கரை காக்கப்பட்டது என்று கருதிவிடுகின்றனர். இக்கருத்து எவ்வளவு தவறானது என்பதையும், சிதைந்த கரையை முறையாகச் சீர்செய்து நிலைப்படுத்துவது எவ்வாறு என்பதையும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

நீரோடு வளர்ந்த நகரம்

கொச்சியின் வரலாறே கரையின் வரலாறு எனலாம். 1341 ஆம் ஆண்டில் பெரியாற்றில் ஏற்பட்ட பெருவெள்ளம் கொச்சியின் கடல்வாயைத் திறந்துவிட்டது என்பதும், அதன் பின்னரே கொடுங்கல்லூர்த் துறைமுகம் சிறப்பிழந்து கொச்சி எழுச்சி பெற்றது என்பதும் வழிவழியாக வரும் செய்தி. டச்சுக்காரர்கள் 1663 முதல் 1795 வரை இந்நகரைத் தம் ஆதிக்கத்தில் வைத்திருந்தனர். மிளகும் ஏலமும் இஞ்சியும் படகுகளில் வந்து மட்டாஞ்சேரிப் பண்டகசாலைகளின் பின்வாயிலில் இறங்கின. கால்வாய்கள் அன்று சரக்குப் பாதைகளாகவும் விளங்கின.

இக்காலத் துறைமுகத்தை அமைப்பதற்காக 1920 ஆம் ஆண்டில் கொச்சிக்கு வந்த பொறியாளர் ராபர்ட் பிரிஸ்டோவும் முதலில் கரை அரிப்பைப் பற்றியே கவலை கொள்ள வேண்டியிருந்தது. கடல்வாயின் மணல்திட்டை வெட்டி ஆழப்படுத்தினால் வைப்பின் கரை என்னவாகும் என்ற வினா எழுந்தது. கருங்கல் தடுப்புகளால் அக்கரைக்குக் காப்பு அளித்த பின்னரே பெரும் பணி முன்னேறியது. காயலில் தூர்வாரிய மண்ணைக் கொண்டே வில்லிங்டன் தீவு உருவாக்கப்பட்டது. தோண்டுவதற்கு முன் கரையைக் காக்க வேண்டும் என்னும் பாடம் கொச்சிக்குப் புதியதன்று.

1967 நவம்பர் முதல் நாளன்று கோட்டைக் கொச்சி, மட்டாஞ்சேரி, எர்ணாகுளம் ஆகிய நகராட்சிகளை இணைத்து மாநகராட்சி அமைக்கப்பட்டது. நகரம் பெருகியது, கால்வாய்கள் சுருங்கின. 2019 அக்டோபர் 21 ஆம் நாள் பெய்த கனமழையில் மாநகரின் பல பகுதிகள் நீரில் மூழ்கின. அன்று எர்ணாகுளம் சட்டமன்றத் தொகுதியில் இடைத்தேர்தல் வாக்குப்பதிவு நாள். வாக்காளர்கள் முழங்கால் அளவு நீரில் நடந்து சென்றனர். இதையடுத்து உயர்நீதிமன்றம் தலையிட்டது. கால்வாய்களையும் வடிகால்களையும் தூர்வாரும் சிறப்புப் பணி 'ஆப்பரேஷன் பிரேக்துரூ' என்ற பெயரில் மேற்கொள்ளப்பட்டது. எர்ணாகுளம் பகுதியின் இடப்பள்ளி, சிலவன்னூர், தேவரா–பேரண்டூர் முதலிய கால்வாய்களைப் புதுப்பிக்கும் திட்டம் கொச்சி மெட்ரோ ரயில் நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டது.

தூர்வாருதல் இன்றியமையாதது, ஆனால் அது பாதிப் பணியே ஆகும். கரையிலிருந்து மண் சரிந்துகொண்டே இருக்குமானால் எடுத்த வண்டல் மீண்டும் வந்து சேரும். இதனை ஓர் எளிய கணக்கால் விளக்கலாம். 20 மீட்டர் நீளமும் 2 மீட்டர் உயரமும் உள்ள ஒரு கரை அரை மீட்டர் அளவுக்குச் சரிந்தால் கால்வாயில் விழும் மண் 20 கன மீட்டர். எடையில் ஏறத்தாழ 34 டன். 4 மீட்டர் அகலமுள்ள கால்வாயில் இம்மண் 20 மீட்டர் நீளத்திற்குப் பரவினால் கால்வாயின் படுகை 25 சென்டிமீட்டர் உயர்ந்துவிடும். அந்த இடத்தில் ஒரு சிறு பாலமோ குழாய்மதகோ இருந்தால், அதன் வழியாகச் செல்ல வேண்டிய வெள்ளம் தெருவுக்குத் திரும்பும். ஒரே ஒரு கட்டுமான இடத்தில் காட்டும் கவனக்குறைவு ஒரு தெரு முழுவதையும் நனைக்க வல்லது.

கரை ஏன் சரிகின்றது?

கரை சரிவதற்கு மேலிருந்து கொட்டும் மழையே காரணம் என்று பொதுவாக எண்ணப்படுகின்றது. மழை மேல்மண்ணைக் கழுவுவது உண்மையே. எனினும் பெரும்பாலான சரிவுகள் மூன்று வேறு இடங்களில் தொடங்குகின்றன.

முதலாவது, கரையின் அடி. ஓடும் நீரும் படகு எழுப்பும் அலையும் வடிகால் குழாயிலிருந்து பாயும் நீரும் கரையின் அடியை அரிக்கின்றன. அடி குடையப்பட்டதும் மேலே உள்ள மண் தாங்குவாரின்றித் தொங்குகின்றது. ஒரு நாள் பாளமாகப் பெயர்ந்து விழுகின்றது. மேலே இருந்து பார்ப்பவருக்குப் புல் முளைத்த நல்ல கரையாகத் தோன்றுவது, நீர்மட்டத்தில் இருந்து பார்த்தால் குகைபோல் குடைந்திருக்கும்.

இரண்டாவது, கரையின் உள்ளே தங்கும் நீர். மட்டாஞ்சேரி போன்ற காயற்கரைப் பகுதிகளில் இதுவே மிக முக்கியமானது. இங்குக் கடல் ஓதம் நாளுக்கு இருமுறை ஏறி இறங்குகின்றது. ஏற்றத்திற்கும் இறக்கத்திற்கும் இடையே உள்ள வேறுபாடு ஒரு மீட்டருக்கு உட்பட்டதே. ஆனால் அதன் விளைவு சிறிதன்று. ஓதம் ஏறும்போது கரைமண் நீரை உறிஞ்சிக்கொள்கின்றது. கால்வாயில் நிற்கும் நீர் கரையை வெளியிலிருந்து தாங்குகின்றது. ஓதம் இறங்கும்போது கால்வாயின் நீர் விரைந்து வற்றுகின்றது. களிமண்ணுள் புகுந்த நீரோ அவ்வளவு விரைவில் வெளியேறுவதில்லை. வெளித்தாங்கல் நீங்கிய நிலையில் உள்நீர் கரையை வெளியே தள்ளுகின்றது. மழைக்காலத்தில் நிலத்தடி நீரும் உயர்ந்து நிற்பதால் இந்த அழுத்தம் மேலும் மிகுகின்றது. வெள்ளத்தின் உச்சத்தில் நின்ற கரை, வெள்ளம் வடிந்த பின்னர் விழுவது இதனால்தான்.

மூன்றாவது, கரையின் மேல் ஏற்றப்படும் சுமை. கொச்சியின் தாழ்நிலங்களில் பல இடங்களில் 10 மீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்திற்கு மென்மையான கடற்களிமண் படிந்துள்ளது. தன் உலர் எடைக்கு ஏறத்தாழச் சமமான நீரைத் தன்னுள் கொண்டிருக்கும் மண் இது. இத்தகைய மண்ணின்மீது தோண்டிய மண்ணையும் செங்கல்லையும் சல்லியையும் குவித்தால், அது பக்கவாட்டில் பிதுங்கிக் கால்வாயை நோக்கி நகரும். அருகில் முளை அடிக்கும்போது எழும் அதிர்வும் இதற்குத் துணைபோகின்றது.

ஆகவே கரைக்குச் செய்யும் மருத்துவம் இம்மூன்றையும் கருத்தில் கொண்டதாக அமைய வேண்டும். அடிக்குக் காப்பு, உள்நீருக்கு வழி, மேற்பரப்புக்கு வேர் என்று அதனைச் சுருக்கமாகக் கூறலாம். இந்த வரிசையும் முக்கியமானது.

முதலில் செய்ய வேண்டியவை

கரை சரியத் தொடங்கிய இடத்தில் உடனடியாகச் செய்ய வேண்டியது எதையும் கட்டுவதன்று. சுமையை நீக்குவதே ஆகும். கரை விளிம்பில் குவித்த மண்ணையும் பொருள்களையும், குறைந்தது கரையின் உயரத்தைப் போல் இரு மடங்கு தொலைவுக்கேனும் பின்னால் அகற்ற வேண்டும். களிமண் மிக மென்மையாக உள்ள இடங்களில் இத்தொலைவை மேலும் கூட்டுவது நல்லது. எந்திரங்கள் செல்லும் பாதையையும் அவ்வாறே மாற்ற வேண்டும். கட்டுமான இடத்தின் மேல்நீர் கரையின்மீது வழிந்தோடாதவாறு சிறு வாய்க்கால் வெட்டி, ஒரு படிவுக்குழியில் தேக்கி, மண் படிந்த பின்னரே கால்வாயில் விடுதல் வேண்டும்.

அடுத்து, கரையைப் படித்தறிய வேண்டும். விளிம்புக்கு இணையாக ஓடும் வெடிப்புகள், கால்வாயின் பக்கம் சாய்ந்த மரங்கள், கரையடியிலிருந்து கலங்கலாகக் கசியும் நீர் ஆகியவை வரவிருக்கும் சரிவின் அறிகுறிகள். தெளிந்த கசிவு அவ்வளவு அச்சம் தருவதன்று. கலங்கிய கசிவு உள்ளே மண் அரிக்கப்படுவதைக் காட்டுகின்றது. அடிக்குடைவை ஓதம் முற்றிலும் இறங்கிய வேளையில் மட்டுமே காண முடியும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் ஓதம் மிகவும் தாழ இறங்கும் என்பதைக் காயலோர மக்கள் நன்கறிவர். பொறியாளர் தம் ஆய்வை அந்நாள்களில் வைத்துக்கொள்வது நலம். தொங்கும் கரையின் கீழ் தொழிலாளர் எவரும் நின்று வேலை செய்ய அனுமதித்தல் கூடாது.

காலமும் கருதத்தக்கது. தென்மேற்குப் பருவமழையின் தொடக்கத்தை மலையாள மக்கள் 'இடவப்பாதி' என்பர். நம் வைகாசியின் நடுப்பகுதியே அது. ஐப்பசியில் வரும் மழை அவர்களுக்குத் 'துலாவர்ஷம்'. இவ்விரண்டும் ஓய்ந்த பின், டிசம்பரில் பணியைத் தொடங்கி ஏப்ரலுக்குள் கரைவேலையை முடித்துவிட வேண்டும். அவ்வாறாயின் மே மாதத்துக் கோடை மழையில் புல் வேர்கொள்ளும். ஜூன் மாதத்துப் பெருமழையைக் கரை தாங்கும். ஆனால் நடைமுறையில் கட்டடம் முடியும் தறுவாயிலேயே கரையைப் பற்றிய நினைவு வருகின்றது. முதலில் செய்ய வேண்டியதை இறுதியில் செய்வதே பல தோல்விகளுக்குக் காரணம்.

அடியிலிருந்து மேலாக

சீரமைப்பு கரையடியில் தொடங்குகின்றது. உறுதியான படுகை உள்ள ஓடைகளில் கருங்கற்களை அடுக்கி அடிக்காப்பு அமைக்கலாம். கற்கள் ஒரே அளவினவாக இராமல் பெரியதும் சிறியதும் கலந்து இருந்தால் இடைவெளிகள் நிரம்பி ஒன்றையொன்று பற்றி நிற்கும். கல்லுக்கும் மண்ணுக்கும் இடையே மணலும் சல்லியும் கொண்ட வடிகட்டிப் படுகையோ புவிநெசவு விரிப்போ இருத்தல் வேண்டும். இது இல்லாவிடில் நீர் கல்லிடுக்கு வழியே மண்ணை உறிஞ்சி வெளியேற்றும். சில மழைகளுக்குள் கற்கள் உள்வாங்கிவிடும்.

மென்களிமண் படுகையில் வெறும் கல்லைக் கொட்டினால் அது புதைந்து மறையும். இங்கே மரபு வழிகாட்டுகின்றது. ஆலப்புழை, கோட்டயம் மாவட்டங்களில் பரந்துள்ள குட்டநாட்டில் கடல் மட்டத்திற்கும் தாழ்வான வயல்களைச் சூழ்ந்த வரப்பணைகளை உழவர்கள் தென்னங்குற்றிகளை நட்டு, மூங்கிலை இடையிட்டு, சேற்றுக்கட்டியும் தழையும் அடுக்கி எழுப்பினர். நெதர்லாந்து நாட்டிலும் வில்லோ மரக்கிளைகளைப் பாய்போல் பின்னி, அதன்மேல் கல் ஏற்றிப் படுகையில் அமிழ்த்தும் முறை பல நூற்றாண்டுகளாக வழக்கில் இருந்தது. மென்மையான நிலத்தில் சுமையைப் பரப்பித் தாங்கும் ஒரு நெகிழ்வான மெத்தை வேண்டும் என்னும் கருத்தே இரு நாட்டவர்க்கும் பொது.

இன்று இத்தேவையை நிறைவேற்றத் தென்னைநார் உருளைகள் கிடைக்கின்றன. நாரினால் பின்னிய வலைக்குள் நாரையே இறுகத் திணித்து, 20 முதல் 30 சென்டிமீட்டர் விட்டமுள்ள உருளைகளாக இவை செய்யப்படுகின்றன. தாழ்ஓத நீர்மட்டத்தை ஒட்டி ஆழமற்ற பள்ளம் எடுத்து, உருளையைப் பாதியளவு பதித்து, இருபுறமும் முளை அடித்துக் கயிற்றால் பிணைக்க வேண்டும். நீரின் வேகம் மிகுதியாக உள்ள வளைவுகளில் உருளைக்கு முன்னால் தென்னங்குற்றி வரிசையோ கற்காப்போ சேர்ப்பது தேவை.

அடி உறுதிப்பட்ட பின்னரே சாய்வைச் சீர்செய்ய வேண்டும். செங்குத்தாக நிற்கும் கரையை, இடம் இருக்குமானால் ஒரு பங்கு உயரத்திற்கு இரண்டு பங்கு அகலம் என்ற அளவில் சாய்வாக்குவது நல்லது. சரிந்த இடத்தை நிரப்பும்போது பழைய மண்ணின்மேல் புதிய மண்ணை அப்படியே கொட்டினால் அவை ஒட்டுவதில்லை. பழைய சரிவைப் படிப்படியாக வெட்டி, 15 முதல் 20 சென்டிமீட்டர் கனமுள்ள அடுக்குகளாக மண் இட்டு, ஒவ்வோர் அடுக்கையும் திமிசு போட்டு இறுக்க வேண்டும். கால்வாயிலிருந்து வாரிய சேற்றை உடனே நிரப்பப் பயன்படுத்துதல் தவறு. உலர்ந்து மணலோ செம்மண்ணோ கலந்த பின்னரே அது பயன்படும்.

உள்நீர் வெளியேற, கரையின் பின்புறம் சல்லி நிரப்பிய வடிகாலை அமைத்து, குழாய் வழியே கரையடியில் விட வேண்டும். குழாயின் வாயில் கற்பரப்பு இல்லாவிடில், நீரை வெளியேற்ற வைத்த குழாயே புதிய அரிப்புக்கு வித்தாகும்.

நிலத்துக்கு ஓர் ஆடை

சீர்செய்த சாய்வு மண் முதல் மழைவரை வெறுமையாக இருத்தல் கூடாது. புல் முளைத்து வேர் பிடிக்கும் வரை அதற்கு ஓர் ஆடை வேண்டும். தென்னைநார்க் கயிற்றால் நெய்த வலை விரிப்பு இதற்கு ஏற்றது. கேரளத்தில் இதற்குப் 'பூவஸ்திரம்', அதாவது நிலத்தின் ஆடை, என்று பெயர்.

இது தொலைவிலிருந்து வர வேண்டிய பொருளன்று. 1953 ஆம் ஆண்டின் கயிறுத் தொழில் சட்டத்தின்படி அமைக்கப்பட்ட கயிறு வாரியத்தின் தலைமையிடம் கொச்சியிலேயே உள்ளது. அதன் ஆராய்ச்சி நிலையம் ஆலப்புழை அருகே கலவூரில் இயங்குகின்றது. காயல் நீரில் மாதக்கணக்கில் மட்டையை ஊறவைத்து நார் எடுப்பது இக்கரையோர மக்களின் பழந்தொழில். இதில் ஈடுபட்டோருள் பெண்களே பெரும்பான்மையினர். காயலில் ஊறிய நாரே காயற்கரையைக் காக்க மீண்டும் வருகின்றது எனலாம்.

தென்னைநாரில் மரத்தன்மை அளிக்கும் லிக்னின் என்னும் பொருள் ஏறத்தாழ 40 விழுக்காட்டிற்கு மேல் உள்ளது. இதனால் சணலைப் போல் அது சில மாதங்களில் மட்கிவிடுவதில்லை; ஈரத்திலும் இரண்டு மூன்று ஆண்டுகள் பயன் தருகின்றது. இக்காலத்திற்குள் புல்லும் செடியும் கரையைத் தம் வேர்களால் பின்னிவிடுகின்றன. அதன்பின் நார் மட்கி மண்ணோடு கலந்துவிடுகின்றது. செயற்கை இழை விரிப்புகள் நெடுநாள் நிற்கும் என்பது உண்மையாயினும், அவை கிழிந்து கால்வாயில் சேர்ந்தால் புதிய குப்பையாகும்.

இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2008 ஆம் ஆண்டில் இவ்விரிப்புகளுக்கான தரத்தை (ஐ.எஸ். 15869) வெளியிட்டது. மழைநீர் அரிப்பைத் தடுக்க அவற்றைப் பயன்படுத்தும் வழிமுறைகள் (ஐ.எஸ். 15872) 2009 இல் வெளிவந்தன. சதுர மீட்டருக்கு 400, 700, 900 கிராம் என்ற எடைகளில் விரிப்புகள் கிடைக்கின்றன. மென்சாய்வுக்கு இலேசானதும், செங்குத்தான சாய்வுக்கும் நீரோட்டத்துக்கு அருகிலும் கனமானதும் ஏற்றவை.

விரிப்பதில் கவனம் தேவை. மேல்விளிம்பில் 30 சென்டிமீட்டர் ஆழமுள்ள பள்ளம் எடுத்து, விரிப்பின் முனையை அதில் புதைத்து மண்ணிட்டு இறுக்க வேண்டும். பின்னர் சாய்வின் வழியே மேலிருந்து கீழாக உருட்டி விரிக்க வேண்டும். அடுத்தடுத்த விரிப்புகள் 15 சென்டிமீட்டரேனும் ஒன்றன்மேல் ஒன்று படிதல் வேண்டும். மூங்கில் முளைகளை ஏறத்தாழ ஒரு மீட்டருக்கு ஒன்றாக அடிக்கலாம். இழுத்துக் கட்டிய கூடாரம்போல் விரிப்பு விறைத்து நிற்றல் கூடாது. எவ்விடத்தும் அது மண்ணைத் தொட்டுக் கொண்டிருக்க வேண்டும். இல்லையேல் நீர் அதன் அடியிலேயே ஓடி மண்ணைக் கொண்டுபோகும். விரிப்பதற்கு முன் விதையைத் தூவி, விரித்தபின் மெல்லிய மண் அடுக்கு இடுவது முளைப்புக்கு உதவும்.

விரிப்பு மட்டும் போதுமா என்ற ஐயம் எழலாம். திருவனந்தபுரம் மாவட்டத்தின் ஆமச்சல் என்னும் சிற்றூரில் ஒரு குளக்கரையில் கேரள, நெதர்லாந்து ஆய்வாளர்கள் நடத்திய சோதனையின் முடிவு 2006 இல் வெளியானது. வெறுங்கரை, நார் விரிப்பு மட்டும் இட்ட கரை, விரிப்புடன் புல்லும் நட்ட கரை ஆகிய மூன்றும் ஒப்பிடப்பட்டன. விரிப்பும் புல்லும் சேர்ந்த கரையே மிகச் சிறந்த பயன் தந்தது. விரிப்பு தொடக்கத்தைத் தருகின்றது; வேர் தொடர்ச்சியைத் தருகின்றது.

எதை நடுவது?

மட்டாஞ்சேரிக் கால்வாய்களில் நீரின் தன்மை ஆண்டு முழுவதும் ஒன்றாக இருப்பதில்லை. கோடையில் கடல்நீர் புகுந்து உவர்ப்பு மிகுகின்றது. பெருமழைக் காலத்தில் உவர்ப்பு வெகுவாகக் குறைகின்றது. இவ்விரு நிலைகளையும் தாங்கும் செடிகளையே நீர்மட்டத்தருகே நட வேண்டும். கேரளக் காயற்கரைகளில் தொன்றுதொட்டு வளர்க்கப்படும் தாழை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அதன் தாங்குவேர்கள் கரையைக் கைகளால் பற்றுவன போல் பிடிக்கின்றன. ஓலையோ பாய் முடையப் பயன்படுகின்றது. கழுதைமுள்ளியும் உவர்நிலக் கோரைகளும் ஏற்றவை. சுரபுன்னை போன்ற அலையாத்தி மரங்களை அகன்ற கால்வாய் முகப்புகளில் வளர்க்கலாம். குறுகிய கால்வாயில் அவை நீரோட்டத்தைத் தடுக்கும்.

நீர்மட்டத்திற்கு மேலே அறுகும் வெட்டிவேரும் பயன் தரும். வெட்டிவேரின் வேர் பக்கவாட்டில் பரவாமல் செங்குத்தாகக் கீழிறங்குவது. அதனைச் சாய்வுக்குக் குறுக்கே நெருக்கமான வரிசைகளாக நட்டால் மண்ணை வடிகட்டி நிறுத்தும் உயிர்வேலியாகும். விரைவில் வளர்கின்றதே என்று நெய்வேலிக் காட்டாமணக்கு போன்ற களைச்செடிகளை நடுதல் ஆகாது. அவை கால்வாயுள் இறங்கி நீர்வழியையே அடைத்துவிடும் என்பதைத் தமிழகப் பாசன வாய்க்கால்கள் நமக்கு உணர்த்தியுள்ளன.

சுவர் எப்போது தேவை?

மேற்கூறிய முறைகளுக்குச் சாய்வாக்க இடம் வேண்டும். மட்டாஞ்சேரியின் பல இடங்களில் வீட்டுச் சுவரே கால்வாய்க் கரையாக நிற்கின்றது. அங்குச் சாய்வுக்கு இடமில்லை என்று கூறி மக்களை வெளியேற்றுவது தீர்வாகாது. இத்தகைய இடங்களில் தாங்குசுவர் தவிர்க்க இயலாதது. கம்பிவலைக் கற்கூடைகளை அடுக்கிய சுவர் நெகிழ்வுடையது; நிலம் சிறிது அமிழ்ந்தாலும் உடையாது; உள்நீரும் கசிந்து வெளியேறும். ஆயினும் உவர்நீரில் கம்பி துருப்பிடிக்கும் ஆதலால் தக்க மேற்பூச்சுள்ள கம்பியையே பயன்படுத்த வேண்டும். கருங்கல்லாலோ கான்கிரீட்டாலோ சுவர் எழுப்பினால், அதன் அடித்தளம் அரிப்பு எட்டும் ஆழத்திற்கும் கீழே செல்ல வேண்டும். மென்களிமண்ணில் முளைகளின்மேல் அமைய வேண்டும். நீர்க்கசிவுத் துளைகளும் அவற்றின் பின்னே வடிகட்டியும் கட்டாயம் இருத்தல் வேண்டும். துளையற்ற சுவர், ஓதம் இறங்கும் ஒவ்வொரு முறையும் பின்னால் தேங்கிய நீரால் தள்ளப்பட்டுச் சிறிது சிறிதாகச் சாய்ந்துவிடும்.

ஒரு பக்கம் மட்டும் சுவர் எழுப்புவதன் விளைவையும் எண்ண வேண்டும். கடினமான சுவரில் மோதும் நீர் எதிர்க்கரையிலும், சுவர் முடியும் இடத்திலும் தன் வேகத்தைக் காட்டும். ஒருவர் தம் மனையைக் காத்துக்கொள்ள, அடுத்தவர் மனை கரையும். எனவே சுவரின் இரு முனைகளையும் கரைக்குள் வளைத்துச் செலுத்தி, அடுத்துள்ள மண்கரைக்குக் கல்லும் செடியும் கொண்டு காப்பளித்து முடிக்க வேண்டும்.

யார் பொறுப்பு?

கரைக்காப்பு கட்டுமான ஒப்பந்தத்தில் தனி இனமாக, உரிய மதிப்பீட்டுடன் இடம்பெறுதல் வேண்டும். அவ்வாறு இல்லாதபோது ஒப்பந்தக்காரர் அதனைச் செய்வதில்லை. விழுந்த மண்ணை அள்ளும் செலவு மாநகராட்சியின்மீது, அதாவது மக்களின்மீது, விழுகின்றது. ஓதம் பாயும் நீர்நிலைகளின் கரைகளுக்குக் கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகள் பொருந்தும் என்பதையும், உரிய அனுமதியின்றி அங்கு நிரப்புவதோ கட்டுவதோ கூடாது என்பதையும் கட்டுவோர் முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும்.

கேரளத்தில் 2016 டிசம்பரில் தொடங்கப்பட்ட ஹரித கேரளம் இயக்கம் நீர்நிலை மீட்பை மக்கள் பணியாக்க முயன்றது. 2019 டிசம்பரில் ஓடைகளை மீட்க அது தொடங்கிய இயக்கத்திற்கு 'இனி ஞான் ஒழுகட்டே' என்று பெயர். இனி நான் ஓடட்டும் என்பது பொருள். ஊரக வேலை உறுதித் திட்டத்தின் கீழ் பல ஊராட்சிகளில் ஓடைக்கரைகளுக்கு நார் விரிப்பு இடப்பட்டது. கரை காத்தலும், கயிறுத் தொழிலாளர்க்கு வேலையும், கூலியாட்களுக்கு ஊதியமும் ஒரே பணியில் இணைந்தன. கிராமங்களில் பெற்ற இப்பட்டறிவு நகரக் கால்வாய்களுக்கும், குறிப்பாக அவற்றை ஒட்டிய கட்டுமான இடங்களுக்கும் விரிவடைய வேண்டும்.

அமைத்த கரையைக் கண்காணிப்பதும் பணியின் ஒரு பகுதியே. முதல் பெருமழைக்குப் பின்னரும், அதன்பின் ஒவ்வொரு பருவத்தின் முடிவிலும் கரையை நடந்து பார்த்து, பெயர்ந்த முளையை அடித்து, பட்டுப்போன செடிக்கு மாற்று நட்டால் சிறு பழுது பெரும் சரிவாகாது. இதற்குப் பெரும்பொருள் வேண்டியதில்லை. கரையோர மக்களே இதனைச் செய்ய முடியும். தமிழகத்தில் குடிமராமத்து என்று வழங்கிய பழைய ஏற்பாட்டின் கருத்தும் இதுவேயாகும்.

மட்டாஞ்சேரியில் இன்று புதிய பணிகள் பல நடைபெற்றுள்ளன. கொச்சி நீர்மெட்ரோவின் மட்டாஞ்சேரி நிலையம் 2025 இல் திறக்கப்பட்டது. நகரம் மீண்டும் நீர்வழியை நோக்கித் திரும்புகின்றது. அந்நீர்வழியின் கரையில் கடைக்கால் தோண்டும் ஒவ்வொருவரும், எழுப்பப்போகும் சுவரின் உயரத்தை அளக்கும் முன் ஓதம் இறங்கிய வேளையில் கரையின் அடியை ஒருமுறை பார்த்துவருவாராயின், தம் கட்டடத்தையும் காப்பர். தெருவின் மறுமுனையில் உள்ள ஓர் எளிய வீட்டினுள் வெள்ளம் புகாமலும் காப்பர்.